கேள்வித்தாளில் சேரி எங்கே?

குரோம்பேட்டையிலிருந்து கேளம்பாக்கம் வரை செவிலியர் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு ஆண்டும் எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் கையில் கோப்போடு பெருங்களத்தூருக்கும் முடிச்சூருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கிளம்புகிறார்கள். கோப்புக்குள் இருக்கும் கேள்வித்தாளைக் கல்லூரியில் 'டூல்' என்று சொல்வோம். அதன் முதல் பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம்: வயது, மதம், கல்வி, தொழில், மாத வருமானம், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, சைவமா அசைவமா. மதம் இருக்கிறது. சைவம் இருக்கிறது. சாதி மட்டும் இல்லை.

நான் சமுதாய நலச் செவிலியம் கற்பிக்கிறவள். சேரியில் பிறந்தவள். பத்து ஆண்டுகளாக இந்தக் கேள்வித்தாள்களோடுதான் என் பிழைப்பு. என் மேசைக்கு வந்த ஆய்வேடுகளில் சாதியைக் கேட்டவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஏன் கேட்கவில்லை என்றால், "நர்சிங்கில் சாதி எதற்கு?" என்று பதில் வரும். கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராததால் ஆய்வேட்டில் சாதி இருக்காது. ஆய்வேட்டில் இல்லாததால் மருத்துவமனையிலும் இல்லை என்று முடிவாகிவிடும். இந்த ஏற்பாட்டுக்கு அறிவியல் என்று பெயர் வைத்திருக்கிறோம். இது அறிவியல் கிடையாது, மறைப்பு வேலை என்பதே என் வாதம்.

வெறும் கல்லூரிப் பயிற்சிக்கு இத்தனை கோபம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நோயாளிக்கு எது தெரியும், எது தெரியாது, அவர் எவ்வளவு நலமாக இருக்கிறார், நம் மருத்துவமனை அவரை எப்படி நடத்துகிறது ஆகியவற்றைச் செவிலியர்கள் அளந்து பார்க்கும் கருவி இது. இதன் முடிவை வைத்துத்தான் யாருக்கு 'நலக்கல்வி' தேவை, யாரிடம் 'அறியாமை' இருக்கிறது என்று எழுதுகிறோம். அளவுகோல் கோணல் என்றால், அளக்கப்பட்டவர்தான் கோணல் என்று பதிவாகும்.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆகவே 'இரத்தசோகை குறித்த அறிவு' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் ஆய்வுகள் வருகின்றன. அந்த டூலில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: இரும்புச்சத்து அதிகமுள்ள உணவு எது? நான்கு விடைகள். சரியான விடை முருங்கைக்கீரை, அல்லது பேரீச்சம்பழம், அல்லது வெல்லம். சரி என்றால் ஒரு மதிப்பெண், தவறு என்றால் பூஜ்யம். மொத்த மதிப்பெண்ணில் பாதியைத் தாண்டாதவருக்குப் 'போதாத அறிவு' என்று முத்திரை.

செம்மஞ்சேரியில் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் குடுப்போம் சிஸ்டர்" என்பார். "மாட்டு ஈரல்" என்பார். இரண்டும் சரி. விலங்கு உணவிலிருக்கும் ஹீம் இரும்பைக் கீரையிலிருக்கும் இரும்பைவிட உடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது என்பதை முதலாண்டு ஊட்டச்சத்துப் பாடத்திலேயே கற்பிக்கிறோம். ஆட்டிறைச்சி விலைக்கு எட்டாத வீட்டில் மாட்டிறைச்சியும் ஈரலும்தான் அந்த இரும்பைத் தருகின்றன. ஆனால் நான்கு விடைகளில் அவை இல்லை. சரியாகச் சொன்ன பெண்ணுக்குப் பூஜ்யம். அவரிடம் 'அறியாமை' இருப்பதாக ஆய்வேட்டில் எழுதி, கீரைப் படம் போட்ட துண்டறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஒரு மாணவி இந்த விடைப் பட்டியலில் மாட்டிறைச்சியையும் சுவரொட்டியையும் சேர்த்தாள். கருவியைச் சரிபார்க்கும் ஐந்து நிபுணர்களுக்கு அனுப்பினோம். ஒருவர் சிவப்பு மையால் அடித்து, 'பண்பாட்டுக்குப் பொருத்தமில்லை' என்று எழுதி அனுப்பினார். எந்தப் பண்பாட்டுக்கு? அந்தக் கேள்வித்தாளை நிரப்பப் போகிறவர்களின் சமையலறையில் தினம் வேகிற உணவு அது. அந்தச் சமையலறைக்குள் ஒருநாளும் நுழையாதவர் அதன் பண்பாட்டுக்குப் பொருத்தம் பார்க்கிறார். கல்லூரி நிர்வாகம் அவர் பக்கம் நின்றது. மாட்டிறைச்சி போனது, பேரீச்சம்பழம் நின்றது. ஆய்வு முடிந்தபோது பெரும்பான்மையோருக்குப் 'போதாத அறிவு'.

அடுத்தது, சமூகப் பொருளாதார நிலையை அளக்கும் அளவுகோல்கள். நகரத்தில் ஆய்வு என்றால் குப்புசாமி அளவுகோல். 1976இல் வந்தது. குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் ஆகிய மூன்றையும் கூட்டி மதிப்பெண் போடும். மூல அளவுகோலில் திறன்சாராத் தொழிலாளிக்கு 2 மதிப்பெண், வேலையில்லாதவருக்கு 1. சாக்கடை அடைப்பை எடுக்கிறவரும், மூட்டை தூக்குகிறவரும், வாசலில் காவல் நிற்கிறவரும் ஒரே 2. ஒருவரைத் தொட்டுப் பேசுகிறார்கள், இன்னொருவர் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் என்ற வேறுபாடு அந்த எண்ணில் எங்கேயும் இல்லை.

கிராமத்துக்கு உதய் பரீக், திரிவேதி அளவுகோல். 1964இல் வந்தது. அதில் சாதி இருக்கிறது. எப்படி இருக்கிறது? பட்டியல் சாதிக்கு 1 மதிப்பெண், படிப்படியாக ஏறி ஆதிக்க சாதிக்கு 6. ஏணியை அப்படியே எடுத்துக் காகிதத்தில் சாய்த்துவைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மனு எண்களில் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்.

ஒன்று சாதியை விழுங்கிவிடுகிறது, இன்னொன்று சாதியைத் தகுதியாக்குகிறது. இரண்டிலும் ஒரே கோளாறு. கண்ணின் நிறம்போல, ஒருவர் உடம்பில் ஒட்டியிருக்கும் குணமாகச் சாதியைப் பார்க்கிறார்கள். சாதி என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. செய்கிறவர் யார், என்ன செய்தார், எங்கே செய்தார் என்று கேட்காத கேள்வித்தாளில் 'எஸ்.சி.' கட்டத்துக்கு டிக் போட்டு மட்டும் ஆகப்போவது கொஞ்சம்தான்.

இப்படிக் கேட்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேட்டிருக்கிறார்கள். சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று ஆய்வு செய்தார். 2010இல் வெளிவந்தது. "உங்களுக்குப் பாகுபாடு உண்டா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு அவர் நிற்கவில்லை. மருத்துவர் பரிசோதிக்கும்போதா, மருந்து கொடுக்கும்போதா, ரத்தம் எடுக்கும்போதா என்று இடத்தைப் பிரித்தார். மருத்துவரா, செவிலியரா, வீட்டுக்கு வரும் பணியாளரா என்று ஆளைப் பிரித்தார். தொடாமல் இருந்தார்களா, காக்க வைத்தார்களா, சீக்கிரம் துரத்தினார்களா, எப்படிப்பட்ட சொல்லால் பேசினார்கள் என்று செயலைப் பிரித்தார். செவிலியருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வித்தாள் உண்டா? தொடுவதுதானே நம் தொழில்!

2011-12இல் நடந்த இந்திய மானுட வளர்ச்சி ஆய்வு 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் தீண்டாமை பற்றிக் கேட்டது. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம் இரண்டாவது கேள்வி: பட்டியல் சாதிக்காரர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா? முதலில் 'இல்லை' என்ற நல்லவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவதில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 27 விழுக்காடு. கருத்தைக் கேட்டால் காந்தி பேசுவார், பாத்திரத்தைக் கேட்டால் உண்மை பேசும். கேள்வி அமைப்பதில் உள்ள நுட்பம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இப்போது தமிழாக்கத்துக்கு வருவோம். வெளிநாட்டு அளவுகோலை எடுத்துத் தமிழில் மாற்றுவதுதான் நம் கல்லூரிகளில் வழக்கம். ஒருவர் தமிழாக்குவார். இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் தமிழாக்கம் சரி என்று சான்றிதழ். பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த முறை பரவியது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே வழக்கத்தில் ஊறியவர்கள் என்றால் ஒத்துப்போவதாகத் தோன்றுவது ஏமாற்றாக இருக்கலாம் என்று அவரே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டோம், சான்றிதழைப் பிடித்துக்கொண்டோம்.

நம் ஊரில் நடப்பது அந்த ஏமாற்றுதான். ஸ்டிக்மா என்பதை ஒரு விரிவுரையாளர் 'களங்கம்' என்று எழுதுகிறார். இன்னொரு விரிவுரையாளர் 'களங்கம்' என்பதை ஸ்டிக்மா என்று திருப்புகிறார். கச்சிதம். "கேவலமா பாக்குறாங்க", "ஒதுக்கி வைக்கிறாங்க", "ஒரு மாதிரி பேசுறாங்க" என்று பேசுகிற பெண் இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் வரவில்லை. 'தாங்கள் தங்களின் சமூக உறவுகளில் எந்த அளவு மனநிறைவு அடைந்துள்ளீர்கள்?' என்று மாணவி வாசிக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். எந்தப் பதில் சொன்னால் இந்தப் பிள்ளை சீக்கிரம் எழுந்து போகும் என்று யோசிக்கிறார். "நடுவுல போட்டுக்கோம்மா" என்கிறார். நாம் அதை 'மிதமான மனநிறைவு' என்று பதிவு செய்கிறோம்.

தாம்பரம் சானடோரியத்தைப் பாருங்கள். 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். 1937இல் அரசு ஏற்றது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. மற்ற மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில் அவர்களை ஏற்றுக்கொண்ட இடம் அது. எச்.ஐ.வி.யால் வரும் ஒதுக்கலை அளக்க 2001இல் பெர்ஜரும் உடனாய்வாளர்களும் 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை ஒரு செவிலிய ஆய்விதழில் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் உருவானது. பின்னர் தென்னிந்திய நோயாளிகளிடம் சோதித்துச் சுருக்கி, 2013இல் வெளியிட்டார்கள். எந்தக் கேள்வி இங்கே நிற்கிறது, எது நிற்கவில்லை என்று நோயாளிகளின் பதில்களை வைத்தே பார்த்த வேலை அது. வெறும் மொழிபெயர்ப்பைவிடப் பல மடங்கு மேல்.

ஆனால் அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள். அந்தத் தனி டம்ளரை இந்த நாட்டுக்கு எச்.ஐ.வி.யா கொண்டுவந்தது? தேநீர்க் கடையில் ஏற்கெனவே இருந்த டம்ளர்தானே நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது? எச்.ஐ.வி. உள்ள ஒரு தலித் பெண்ணிடம் "உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதால் ஒதுக்குகிறார்களா?" என்று கேட்டால், தன்னை எதற்காக ஒதுக்குகிறார்கள் என்று அவர் எப்படிப் பிரித்துச் சொல்வார்? சாதியைக் கேட்காத கேள்வித்தாள் அந்த ஒதுக்கல் முழுவதையும் வைரஸ் கணக்கில் எழுதிவிடும். மருந்து வந்து வைரஸ் அடங்கிய பிறகும் டம்ளர் தனியாகவே இருந்தால், அதற்கு விளக்கம் சொல்ல நம்மிடம் ஒரு எண்கூட இருக்காது.

அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸ் 1997இல் அன்றாடப் பாகுபாட்டை அளக்க ஒன்பது கேள்விகளை வெளியிட்டார். மற்றவர்கள் உங்களைக் கண்டு பயப்படுவதுபோல் நடந்துகொள்கிறார்களா என்பது அவற்றில் ஒன்று. கறுப்பின மக்களின் வாழ்விலிருந்து வந்த கேள்வி. இதைத் தமிழாக்கினால் போதுமா? நம் சேரிக்காரரைக் கண்டால் அவர்கள் அருவருப்பதுபோல் விலகுகிறார்கள். காசைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியின் உயிரை இங்கே கொண்டுவர வேண்டுமானால் பயத்தை எடுத்துவிட்டு அருவருப்பை வைக்க வேண்டும். தகவமைப்பது என்றால் இதுதான். அகராதி இதற்கு உதவாது, சேரி உதவும்.

சென்னைக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும்: முகவரி. நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள், பெருமளவு தலித் மக்கள், கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போனால் அந்த முகவரியை மறைக்கிறார்கள், மறைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைச் சீட்டில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் குரல் மாறியதா என்று எந்த 'நோயாளி மனநிறைவு' கேள்வித்தாள் கேட்கிறது? அதே வார்டில் வேலை பார்க்கும் சீருடை போட்டவரே நின்று கேட்டால், "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்?

இந்த நோய் நம் தொழிலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கிருந்த படையின் சுகாதாரத்தை ஆராயும் அரச ஆணையத்துக்காக அவர் வகுத்த கேள்விகள் இந்தியப் படைநிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. பதில்களின் அடிப்படையில் 1863இல் அறிக்கை வந்தது. சாக்கடை, குடிநீர், கழிப்பிடம் பற்றியெல்லாம் கூர்மையான கேள்விகள். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை, மறுக்கவில்லை. பதில் எழுதியவர்கள் அதிகாரிகள். மலத்தை அள்ளிய கைகளிடம் ஒரு கேள்வியும் போகவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் கேட்கப்படுகிறவர் மாறியிருக்கிறார், கேள்வியை முடிவு செய்கிறவர் மாறவில்லை.

கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அண்ணல் அம்பேத்கருக்குத் தெரியும். 1932இல் லோதியன் குழு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தது. தொட்டால் தீட்டு என்று நேரடியாகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை மட்டுமே அளவாக வைத்து எண்ணிக்கையைக் குறைக்க மாகாணங்களில் முயன்றார்கள். ஐக்கிய மாகாணத்தில் ஒரு கோடியைத் தாண்டிய எண்ணிக்கை அங்கிருந்த குழுவின் கணக்கில் சில லட்சங்களாகச் சுருங்கியது. ஆட்கள் செத்துப்போகவில்லை, கேள்வி மாறியது. தீண்டாமை என்ற எண்ணம் மனத்தில் இருந்தாலே அது தீண்டாமைதான் என்று அம்பேத்கர் அந்தக் குழுவில் தனிக் குறிப்பு எழுதிப் போராடினார். வரையறைக்காக அவர் நடத்திய அந்தச் சண்டையைத்தான் நாம் இன்று கேள்வித்தாளில் நடத்த வேண்டியிருக்கிறது.

"சாதியைக் கேட்டால் மனம் புண்படும்" என்பார்கள். மாதவிடாயைக் கேட்கிறோம், மலம் கழிப்பதைக் கேட்கிறோம், கணவனோடு உறவைக் கேட்கிறோம். இவற்றைப் புண்படாமல் கேட்கக் கற்றவர்களுக்குச் சாதியைக் கேட்க மட்டும் நாக்கு எழவில்லையா? "கேட்டால் சாதி வளரும்" என்பார்கள். 1931க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிடவில்லை. அதனால் சாதி தேய்ந்ததா? பீகார் எண்ணியது, தெலங்கானா எண்ணியது, 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசும் எண்ணுவதாக அறிவித்துவிட்டது. குடும்பநல ஆய்வு வீடுவீடாகச் சாதியைக் கேட்டுத்தான் எழுதுகிறது. நர்சிங் ஆய்வேடு மட்டும் எந்தச் சொர்க்கத்தில் நடக்கிறது? "நாங்கள் நோயாளியிடம் சாதி பார்ப்பதில்லை" என்பார்கள். நல்லது. அப்படியானால் அளந்து காட்டுங்கள். அளக்கவே விடாதவர் சொல்லும் உறுதிமொழியை நாங்கள் எதற்காக நம்ப வேண்டும்?

ஒரு நியாயமான அச்சம் உண்டு. தவறாகக் கேட்டால் கேட்கப்பட்டவருக்கே ஆபத்து. அதனால் கேட்கும் முறையை மாற்ற வேண்டும். சாதிக் கேள்வி முதல் பக்கத்தில் வேண்டாம், நம்பிக்கை வந்த பிறகு கடைசியில் வரட்டும். பதில் சொல்ல விருப்பமில்லை என்ற கட்டம் கட்டாயம் இருக்கட்டும். அடுத்த கட்டிலுக்குக் கேட்காத இடத்தில் கேளுங்கள். அந்த வார்டில் பணி செய்கிறவர் கேட்கக் கூடாது. பெயரும் கதவு எண்ணும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. சாதிப் பெயரோடு நிறுத்தாமல் தொட்டார்களா, காக்க வைத்தார்களா, எப்படி விளித்தார்கள் என்று செயலைக் கேளுங்கள்.

ஐந்து நிபுணர்களின் ஒப்புதல் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். ஐந்து பேரும் முனைவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கடவுள் சொன்னார்? இரத்தசோகைக் கேள்வித்தாளுக்குச் செம்மஞ்சேரியில் மூன்று பிள்ளை பெற்ற பெண் நிபுணர் இல்லையா? தாம்பரம் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரின் முதுகுவலியை அளக்கும் டூலுக்கு, இருபது ஆண்டு குப்பை வண்டி தள்ளியவர் நிபுணர் இல்லையா? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்தச் சொல் எடுபடும், எந்தச் சொல் எடுபடாது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கட்டும். "இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தோணுது?" என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் அடிக்கும் கோட்டுக்கும் சிவப்பு மையின் மதிப்பைக் கொடுங்கள். அவர்களின் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.

நர்சிங் படிக்கும் தங்கைகளே, தம்பிகளே! உங்களில் எத்தனையோ பேர் சேரியிலிருந்து வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். உடம்பைத் தொடுவதும் மலமூத்திரம் அள்ளுவதும் தீட்டு என்று ஆதிக்க சாதிகள் ஒதுங்கி நின்ற தொழிலை நம் அம்மாக்களும் அத்தைகளும் கையில் எடுத்தார்கள். கையில் எடுத்த தொழிலின் அறிவையும் நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் டூலில் ஒரு கேள்வியைச் சேருங்கள். கைடு அடித்தால், எந்த ஆதாரத்தின் பேரில் அடிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படியும் அடித்தால், அடிக்கப்பட்டது என்பதை ஆய்வேட்டின் 'வரம்புகள்' பகுதியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவாள். விட்ட இடத்திலிருந்து அவள் கேட்கட்டும்.